ஐப்பசியில் லாங்கே

சனி, ஆல்பா

மிலான் விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் முதல் ஒரு மணி நேரம் வழியெல்லாம் நெல் வயல்தான். நொவாரா, வெர்செல்லி என்று பலகைகள் கடந்து போகின்றன. அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள் நிற்கின்றன. இத்தாலி என்றால் பாஸ்தா என்று நினைத்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அரிசி அதிகம் விளைவது இங்கேதான். அப்புறம் சமவெளி முடிந்து, தானரோ ஆற்றைத் தாண்டியதும் சாலை வளைந்து ஏற ஆரம்பிக்கிறது. ஏறினால் லாங்கே. பீட்மாண்ட் மாநிலத்தின் தெற்குக் குன்றுகள். எந்தச் சரிவைப் பார்த்தாலும் சீப்பால் வாரிவிட்ட மாதிரி திராட்சைக் கொடி வரிசைகள். 2014 முதல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடம்.

வண்டி ஓட்டுவது என் கணவர். அவர் குடிப்பதில்லை. ஒயின் நாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பது பெரிய வசதி. இங்கே ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால்தான் சட்ட வரம்பு. சாலைகளோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பள்ளத்தைக் காட்டுகிறவை.

ஆல்பாவில் இறங்கியதும் வறுத்த பருப்பு வாசனை. ஏதோ பேக்கரி என்று தேடாதீர்கள், அது ஃபெரேரோ தொழிற்சாலை. நியூட்டெல்லாவின் சொந்த ஊர் இது. போர் முடிந்த 1946-ல் கோகோ கிடைக்கவில்லை, குன்றுகளில் ஹேசல்நட் கொட்டிக் கிடந்தது. கோகோவைக் குறைத்து ஹேசல்நட்டைக் கூட்டிச் செய்த கட்டிதான் 1964-ல் புட்டியில் அடைத்த நியூட்டெல்லாவாக ஆனது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தொழிலாளர்களை ஊரை விட்டு வரச் சொல்லாமல், கிராமம் கிராமமாகப் பேருந்து விட்டு அழைத்து வந்தார்கள். ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போய்த் தங்கள் கொடிகளையும் பார்த்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் இந்தக் குன்றுகளில் பாதி காலியாகியிருக்கும். அறுபதுகள் வரை இது பஞ்சம் பிழைக்க டூரினுக்கு ஓடும் பகுதி. இன்று ஒரு கிராமச் சமையலறையில் உட்கார்ந்து எண்பது யூரோ பில் கட்டும்போது அதை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரவு தயரின். நூல் மாதிரி வெட்டிய முட்டை பாஸ்தா. ஒரு கிலோ மாவுக்கு முப்பது மஞ்சள் கரு வரை போடுவார்கள். அதனால்தான் அந்த மஞ்சள் நிறம். வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும். நான் ஒரு கிளாஸ் டொல்செத்தோ (இந்தப் பகுதிச் சிவப்பு ஒயின்), அவர் ஒரு பாட்டில் தண்ணீர். பசியோடு வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மதியம் இரண்டரைக்கு மேல் எந்த அடுப்பும் எரியாது. இரவு ஏழரைக்கு முன்னால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

ஞாயிறு, சந்தை

அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் சந்தை, வார இறுதிகளில். அக்டோபர் முதல் ஞாயிறன்று கழுதைப் பந்தயமும் உண்டாம். பக்கத்து ஊர் ஆஸ்தி குதிரைப் பந்தயம் நடத்துவதால், அவர்களைக் கேலி செய்ய ஆல்பாக்காரர்கள் கழுதையை ஓட்டுகிறார்கள். எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் மர வேர்களோடு ஒட்டி வாழும் ஒரு வகைக் காளான். ஓக், பாப்லர், லிண்டன், வில்லோ மரங்களின் காலடியில் இருக்கும். கறுப்பு ட்ரஃபிளைத் தோட்டம் போட்டு வளர்க்கிறார்கள், வெள்ளை அவ்வளவு எளிதில் பிடி கொடுப்பதில்லை. அதுதான் விலை. அரங்குக்குள் நுழைந்ததும் வாசனை மூக்கைப் பிடித்துக்கொள்கிறது: பூண்டு, ஈர மண், பழைய பாலாடைக்கட்டி, கூடவே எங்கோ கேஸ் கசிகிறதோ என்ற சந்தேகம். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கிழங்கையும் நடுவர்கள் முகர்ந்து, அழுத்திப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கண்ணாடி மூடிக்கடியில் விலைச்சீட்டோடு வைத்திருக்கிறார்கள். பார்க்க மண் ஒட்டிய சின்ன உருளைக்கிழங்கு, அவ்வளவுதான்.

மதியம் ஒரு உணவகத்தில் பொரித்த முட்டை. பரிமாறுகிறவர் ட்ரஃபிளை ஒரு மின்னணுத் தராசில் வைத்து எடையை எங்களுக்குக் காட்டினார். பிறகு முட்டைக்கு மேலே சீவ ஆரம்பித்தார். நாம் 'போதும்' சொல்லும் வரை சீவுவார், அதன் பின் மறுபடி எடை போட்டு, குறைந்த கிராமுக்குக் காசு. அன்றைய விலை கிராம் நாலரை யூரோ. காகிதம் மாதிரி சீவல்கள் விழ விழ, மஞ்சள் கருவின் சூட்டில் அவை சுருண்டு வாசனையை விடுகின்றன. நான் மூக்கை நீட்டிக்கொண்டிருக்க, என் கணவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். "போதும்னு சொல்லும்மா, சொல்லு." ஏழு கிராமில் நிறுத்தினேன். முப்பத்தொன்றரை யூரோ, முட்டை தனி.

நன்றாக இருந்ததா? இருந்தது. ஆனால் நாக்குக்கு அதில் பெரிதாக வேலை இல்லை. எல்லாம் மூக்குக்குத்தான், அதுவும் பத்து நிமிடத்துக்கு. வாழ்க்கையில் ஒருமுறை சாப்பிடலாம் என்பது என் கட்சி. கடைகளில் விற்கும் 'ட்ரஃபிள் எண்ணெய்' பக்கம் மட்டும் போகாதீர்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வகத்தில் செய்த ஒரு கந்தகச் சேர்மம், கிழங்கே இருக்காது.

திங்கள், காடு

ட்ரஃபிள் தேடுகிறவரோடு காட்டுக்குள் போகும் சுற்றுலா. இங்கே அவரை 'த்ரிஃபொலாவு' என்கிறார்கள். முன்பு பன்றியை வைத்துத் தேடினார்கள். அது கண்டதைத் தின்றுவிடும், வேர்களையும் கிளறி நாசமாக்கிவிடும். 1985 முதல் இத்தாலியில் பன்றிக்குத் தடை, இப்போது நாய் மட்டும். பக்கத்தில் ரோட்டி என்ற ஊரில் 1880 முதல் ட்ரஃபிள் நாய்களுக்கு ஒரு 'பல்கலைக்கழகமே' இருக்கிறது.

எங்களோடு வந்த பெண் நாய்க்கு வயது நாலு, எந்த ஜாதி என்று சொல்ல முடியாத கலப்பு. இலைகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடியது. ஒரு பாப்லர் மரத்தடியில் திடீரென்று நின்று முன்னங்கால்களால் மண்ணைப் பறித்தது. பெரியவர் ஓடிப்போய் அதன் மார்பைப் பிடித்து நிறுத்தி, வாயில் ஒரு பிஸ்கட்டைத் தள்ளிவிட்டு, கைப்பிடி கொத்தால் மெதுவாகத் தோண்டினார். நெல்லிக்காய் அளவில் ஒன்று வந்தது. வந்த கையோடு குழியை மூடி மண்ணைத் தட்டினார். மூடாமல் விட்டால் அபராதம், அடுத்த ஆண்டு அங்கே முளைக்கவும் செய்யாது.

இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நமக்காக முன்கூட்டியே புதைத்து வைத்தது என்று கேட்காமல் இருப்பதே மரியாதை. நிஜமான தேடல் இரவில் நடப்பது. விளக்கைக்கூட மறைத்துக்கொண்டு போவார்கள். தன் மரம் எது என்பதைப் பெற்ற மகனிடமே சொல்லாமல் செத்துப்போகிறவர்கள் உண்டு என்கிறார்கள். நாற்பது யூரோ வாங்கிக்கொண்டு சென்னைக்காரிக்குக் காட்டுவாரா?

செவ்வாய், பரோலோவும் செர்ராலுங்காவும்

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. பத்து மணிக்கு மேல் குன்றுகளின் உச்சியும், உச்சிக்கு ஒரு கோட்டையும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இந்தப் பனிக்காலத்தில்தான் நெபியோலோ பழுக்கிறது. எல்லாத் திராட்சைக்கும் முன்னால் துளிர்த்து, எல்லாவற்றுக்கும் பின்னால் பழுக்கிற பிடிவாதக்காரக் கொடி. சரிவின் நல்ல தெற்கு முகத்தைத்தான் அதற்குக் கொடுப்பார்கள். பார்பெரா என்ற இன்னொரு திராட்சைக்கு அடுத்த இடம். பள்ளத்திலும் வடக்கு முகத்திலும் ஹேசல்நட்.

நெபியோலோவில் செய்த ஒயினுக்குப் பரோலோ என்று பெயர் போட்டுக்கொள்ளப் பதினோரு ஊர்களுக்குத்தான் உரிமை. அறுவடை ஆண்டின் நவம்பர் 1-லிருந்து எண்ணி 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். 'ரிசெர்வா' என்றால் 62 மாதம். பக்கத்து பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம் போதும்.

செர்ராலுங்காவில் ஒரு குடும்பத்தின் நிலவறைக்கு முன்பதிவு செய்திருந்தோம். பதிவில்லாமல் போனால் அறுவடைக் காலத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வரவேற்ற பெண்மணியின் விரல் இடுக்கெல்லாம் ஊதா. காலையில்தான் கடைசி வரிசை பறித்து முடித்தார்களாம். முற்றத்தில் பிழிந்து போட்ட தோல் குவியல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, அதன் மேல் ஈக்கள். அந்தச் சக்கையிலிருந்துதான் கிராப்பா என்ற சாராயம் காய்ச்சுகிறார்கள்.

கீழே போனால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஓக் பீப்பாய்கள். எண்பதுகளில் இந்தப் பீப்பாய்களை வைத்தே பெரிய சண்டை நடந்தது. இளைய தலைமுறை பிரெஞ்சுக்காரர்களின் சின்னப் பீப்பாயைக் கொண்டுவந்து, ஒயினைச் சீக்கிரம் குடிக்கும்படி மென்மையாக்கியது. அப்பாக்கள் 'இது மர ஜூஸ்' என்றார்கள். இவர்கள் வீட்டில் அப்பா கட்சி ஜெயித்திருக்கிறது. அதே காலத்தில், 1986-ல், இன்னொரு அடி விழுந்தது. மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்று, இத்தாலியில் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பீட்மாண்ட் ஒயின் என்றாலே யாரும் தொடாத நிலை. கொஞ்சமாகச் செய்து நன்றாகச் செய்வது என்ற முடிவுக்குப் பலர் அதற்குப் பிறகுதான் வந்தார்கள் என்றார் அந்தப் பெண்மணி.

ஊற்றினார். முதல் ஆச்சரியம் நிறம். இவ்வளவு பேர் பெற்ற சிவப்பு ஒயின் கிளாஸுக்கு அடியில் என் விரல் தெரியும் அளவுக்கு வெளுத்து, ஓரத்தில் செங்கல் நிறம் காட்டியது. மூக்கில் காய்ந்த ரோஜா, கொஞ்சம் தார். வாயில் வைத்ததும் ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. துவர்ப்பு நமக்குத் தெரியாத சுவை இல்லை, அதைக் கண்டு முகம் சுளிக்கவும் மாட்டோம். ஆனால் இது வெறும் வாயோடு குடிக்கிற ஒயின் இல்லை. மதியம் அதே பரோலோவில் மூன்று மணி நேரம் வெந்த மாட்டிறைச்சியோடு குடித்தபோது அந்த இறுக்கம் அவிழ்ந்தது. என் கணவர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. அவருக்குப் பாலாடைக்கட்டித் தட்டு வந்தது. அதோடு ஒரு ஸ்பூன் கறுப்புக் கூழ்.

அந்தக் கூழ்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். பெயர் 'குன்யா'. பிழிந்த புதுத் திராட்சைச் சாறை மணிக்கணக்காகக் காய்ச்சி, அதில் சீமை மாதுளம் (க்வின்ஸ்), பேரிக்காய், அத்தி, வறுத்த ஹேசல்நட் எல்லாம் போட்டு மறுபடி சுண்ட வைப்பது. சர்க்கரை வாங்கக் காசில்லாத வீடுகளில் சாறே சர்க்கரை. புளிப்பும் இனிப்பும் அடிநாக்கில் ஒரு கசப்பும். ரொக்கவெரானோ ஊரின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியான ரோபியோலாவோடு சாப்பிட்டபோது, முந்தாநாளைய முப்பத்தொன்றரை யூரோவை நான் நினைக்கவே இல்லை.

திரும்பும் வழியில் கொடிகளுக்கு நடுவே இன்னும் பறித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் மாசிடோனியாக்காரர்களும் ஆப்பிரிக்க இளைஞர்களும். சிற்றேடுகளில் இவர்கள் முகம் வருவதில்லை. ஒரு ஹெக்டேர் நிலம் பத்து லட்சம் யூரோவைத் தாண்டுகிற ஊரில், தொழிலாளர் தரகர்கள் கூலியைப் பறித்ததாகச் சமீப ஆண்டுகளில் போலீஸ் வழக்குகள் வந்திருக்கின்றன. வண்டியை நிறுத்தி அவர்களிடம் பேசலாமா என்று யோசித்தேன். மேற்பார்வையாளர் பார்த்த பார்வையில் கிளம்பிவிட்டோம்.

புதன், ப்ரா

நாள் முழுக்க மழை. ப்ரா என்ற சின்ன ஊர். 1986-ல் ரோமில் ஸ்பானிஷ் படிகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது எதிர்த்தவர்களில் ஒருவரான கார்லோ பெத்ரீனியின் ஊர். துரித உணவுக்கு எதிராக அவர் தொடங்கிய ஸ்லோ ஃபுட் இயக்கத்தின் தலைமையகம் இங்கேதான். பக்கத்து பொல்லென்ட்சோவில் அவர்கள் 2004-ல் தொடங்கிய உணவியல் பல்கலைக்கழகம், பழைய அரச பண்ணைக் கட்டிடத்தில். வெளியே நின்று பார்த்தோம், நனைந்தோம். ப்ராவின் பேர்போன கன்றிறைச்சித் தொத்திறைச்சியைப் பச்சையாகச் சாப்பிடுவார்கள். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதி நாளைத் தூங்கிக் கழித்தோம்.

வியாழன், நீட்சா மான்ஃபெராட்டோ

லாங்கேயை விட்டுக் கிழக்கே, பார்பெரா நாட்டுக்கு. வழியில் கனெல்லி. ஊருக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் குடைந்த நிலவறைகள், இத்தாலியின் நுரை ஒயின் இங்கே 1865-ல் தொடங்கியது. மேலே மொஸ்காட்டோ திராட்சைத் தோட்டங்கள். அந்த ஒயினில் ஐந்து சதவீதம் போல ஆல்கஹால். அவருக்கும் ஒரு சொட்டு நாக்கில் வைக்கக் கொடுத்தேன். "சோடா மாதிரி இருக்கு" என்றார்.

ஆனால் வந்தது பான்யா காவ்தாவுக்கு. ஒரு பண்ணை வீட்டில் இரவுச் சாப்பாடு. ஆளுக்கொரு மண் சட்டி, அடியில் சின்ன மெழுகுவர்த்தி. சட்டிக்குள் பூண்டு, உப்பிட்ட நெத்திலி, ஆலிவ் எண்ணெய். வேறு ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு கணக்கு. மெல்லிசாக நறுக்கி, சிவக்கவே விடாமல், கரையும் வரை சிறு தீயில். நெத்திலியை உப்புப் போகக் கழுவி, முள்ளெடுத்து, அதில் போட்டுக் கிளறினால் அதுவும் கரைந்து பழுப்பு நிறக் குழம்பாகிறது. அதில் தொட்டுக்கொள்ளக் குடைமிளகாய், முட்டைக்கோஸ், அவித்த உருளை, பீட்ரூட், அப்புறம் கார்டோ.

கார்டோ ஒரு முள்செடியின் தண்டு. நீட்சாவில் அதைக் கொஞ்சம் வளர்ந்ததும் மடக்கி மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். வெளிச்சத்தைத் தேடி அது வளைந்து மேலே முட்டும். வெளுத்து, கூன் விழுந்து, கசப்பு குறைந்து, பச்சையாகவே கடிக்கலாம் என்ற பதத்துக்கு வரும். வீட்டு அம்மா ஒன்றை வேரோடு கொண்டுவந்து காட்டினார்கள். நாரை உரித்து எலுமிச்சைத் தண்ணீரில் போட்டார்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடுமாம்.

யோசித்துப் பாருங்கள். இந்த மாநிலத்துக்குக் கடலே இல்லை. ஆலிவ் மரமும் இங்கே அதிகம் கிடையாது. மலைக்கு அப்பால் கடலோர லிகூரியாவிலிருந்து உப்பும் எண்ணெயும் நெத்திலியும் கழுதை முதுகில் வந்தன. மைரா பள்ளத்தாக்கு விவசாயிகள் குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாதபோது உப்பு நெத்திலியை வண்டியில் வைத்து ஊர் ஊராக விற்கப் போனார்கள். இறைச்சி கட்டுப்படியாகாத வீட்டில், திராட்சை அறுவடை முடிந்த கொண்டாட்டத்துக்கு இந்தச் சட்டி. ஆல்பாவின் ஆடம்பரத்தைவிட இந்தக் கூலிக்காரச் சாப்பாடு ருசியில் பல படி மேலே என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்தில்லை.

கூடக் குடிக்க இளம் பார்பெரா. துவர்ப்பு கிடையாது, நல்ல புளிப்பு. எண்ணெயை அறுத்துக்கொண்டு போகிறது. பரோலோவை இந்தச் சட்டியோடு வைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும். கடைசியில் சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறித் தருகிறார்கள். என் கணவர் தன் முட்டையை முடித்துவிட்டு என் சட்டியைப் பார்த்தார்.

"ஏங்க, உங்களுக்கு நெத்திலி வாடையே ஆகாதே?"

"இதுல எங்க இருக்கு நெத்திலி?"

வெள்ளி, பார்பரெஸ்கோ

பூண்டு வாடை மறுநாளும் போகவில்லை. வண்டியின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே போனோம். பார்பரெஸ்கோ ஒரே தெரு, முனையில் ஒரு கோபுரம். கோபுரத்தின் மேலே நின்றால் கீழே தானரோ. 1994 நவம்பரில் இந்த ஆறுதான் ஆல்பாவுக்குள் புகுந்தது.

இந்த ஊரின் கதை கூட்டுறவின் கதை. ஆல்பா ஒயின் பள்ளியின் தலைவர் தோமிட்சியோ கவாட்சா 1894-ல் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கியது பாசிஸ்ட் காலத்தில் மூடிப்போனது. 1958-ல், பிள்ளைகளெல்லாம் ஊரை விட்டுப் போவதைப் பார்த்த பங்குப் பாதிரியார் பத்தொன்பது சிறு விவசாயிகளைக் கூட்டி மறுபடி தொடங்கினார். முதல் சில ஆண்டு ஒயினைச் செய்தது மாதா கோயிலின் அடித்தளத்தில். இன்று அந்தச் சங்கத்தின் பாட்டில்கள் உலகமெங்கும் போகின்றன, விலையும் இன்னும் மனிதர்கள் வாங்கக்கூடிய அளவில் இருக்கிறது. பரோலோவை மதிக்கிறேன், ஆனால் எனக்கு இதுதான். அதே நெபியோலோ, கொஞ்சம் முன்னதாகவே பேச ஆரம்பித்துவிடுகிறது.

மாலையில் பெட்டி கட்டும்போது கணக்குப் பிரச்சினை. இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டுபோகலாம். அவருக்கும் இரண்டு லிட்டர் உண்டே என்றேன். ஆலிவ் எண்ணெய்க்கும் குன்யா புட்டிகளுக்குமே எடை சரியாகப் போய்விட்டது, என் பங்கோடு நிறுத்திக்கொள் என்றார். சரி. பார்பரெஸ்கோ ஒன்று, முக்கால் லிட்டர். நீட்சா பார்பெரா ஒன்று, முக்கால் லிட்டர். மீதி அரை லிட்டருக்குப் பரோலோ கினாத்தோ: சிங்கோனாப் பட்டையும் மசாலாவும் ஊறவைத்த பரோலோ, செர்ராலுங்கா மருந்துக்கடைக்காரர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஜீரணத்துக்கும் காய்ச்சலுக்கும் கலந்து கொடுத்தது. இப்போது சாக்லேட்டோடு குடிக்கிறார்கள். நல்லவேளை, அது அரை லிட்டர் பாட்டிலிலும் வருகிறது.